இமைச் சத்திரசிகிச்சைக்கு எந்த மயக்கம்? ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

சென்ற வருடம் ஸ்காபரோவில் மாமி ஒருவரோடு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். மேல் இமைத் தோல் தொங்கி முகம் எந்நேரமும் களைத்துத் தெரிகிறது என்பது அவருடைய நெடுநாள் கவலை. "லோக்கலா, செடேஷனா?" என்று தாதி கேட்டார். நான் மாமியிடம், "மயக்க ஊசியைப் பற்றிக் கேட்கிறா" என்று சொல்லிவிட்டேன். "மயக்கமெண்டா எனக்கு வேண்டாம் பிள்ளை" என்று மாமி எழும்பிவிட்டார். பிழை என்னுடையது. நாங்கள் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது இங்கே மூன்று வேறு விஷயம். அதைப் பிரித்துச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலாவது விறைப்பூசி, தாதி "லோக்கல்" என்றது இதைத்தான். தமிழ்நாட்டவர்கள் மரத்துப்போகும் ஊசி என்பார்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே லிடோகெய்ன்தான், இரத்தக் கசிவைக் குறைக்கக் கொஞ்சம் அட்ரினலின் கலந்திருக்கும். மிக மெல்லிய ஊசியால் ஓர் இமைக்கு ஒன்றிரண்டு மில்லிலீற்றர் ஏற்றுவார்கள். ஏற்றும்போது சுள்ளென்று எரியும். பலருக்குச் சத்திரசிகிச்சையின்போது படும் வலி அவ்வளவுதான். பிறகு அட்ரினலின் வேலை செய்ய ஏழு முதல் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். வெட்டுவது நோகாது, தொடுவதும் இழுப்பதும் தெரியும். இரத்தக் குழாய்களைச் சுட்டு அடைக்கும்போது மயிர் பொசுங்குவது போல ஒரு மணம் வரும். அதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆட்கள் வெருண்டுபோவார்கள், ஆகவே சொல்லிவைக்கிறேன்.

மேல் இமைத் தோலை மட்டும் எடுப்பதென்றால் பெரும்பாலானோருக்கு இதுவே போதும் என்பேன். விழித்திருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. இமையைத் தூக்கும் தசையையும் சேர்த்துச் சரிசெய்வதென்றால், "கண்ணைத் திறவுங்கோ" என்று சொல்லி, இரண்டு பக்கமும் ஒரே உயரமா என்று அங்கேயே பார்த்துத் தைக்கலாம். ஓர் இடத்தை மட்டும் விறைக்க வைத்துச் செய்யும் சத்திரசிகிச்சை தொடங்கியதே கண்ணில்தான்: 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் விட்டுக் காட்டினார்.

பல்லுக்கு ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்தது, எனக்கு அலர்ஜி என்று பலர் சொல்வார்கள். அது பெரும்பாலும் அட்ரினலினின் வேலை. லிடோகெய்னுக்கு உண்மையான ஒவ்வாமை மிக அரிது. ஆனாலும் நடந்ததை நடந்தபடி வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, செடேஷன். விறைப்பூசியும் உண்டு, அதற்கு மேலாகக் குளிசையாகவோ கை நாளம் வழியாகவோ பதற்றத்தைத் தணிக்கும் மருந்தும் உண்டு. மூச்சு நீங்களே விடுவீர்கள், அரைத் தூக்கம் போலிருக்கும், நடந்தது பாதி நினைவிராது. கீழ் இமைக்கு இதைக் கூடுதலாகப் பரிந்துரைப்பார்கள். அங்கே கண்ணுக்குக் கீழுள்ள கொழுப்பை இழுத்து எடுக்கும்போது ஆழத்தில் ஒரு வலி வரும், விறைப்பூசி அதை முழுதாகத் தடுக்காது. அப்படி இழுக்கும்போது சிலருக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறையும். இழுப்பதை நிறுத்தினால் வழமையாகத் திரும்பிவிடும். ஆனால் யாராவது துடிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது: "சேர்ஜன் வெட்டிக்கொண்டிருக்கையில் என் மூச்சையும் இதயத்தையும் மட்டும் பார்ப்பவர் யார்?" மூக்குக்கு ஒட்சிசன் கொடுப்பார்களா என்றும் கேளுங்கள். முகத்தருகே ஒட்சிசனும் இரத்தக் குழாயைச் சுடும் கருவியும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், தெரிந்தவர்கள் சுடும் நேரத்தில் ஒட்சிசனைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள்.

மூன்றாவது முழு மயக்கம். இமைக்கு மட்டும் இது அதிகம் தேவைப்படுவதில்லை. வேறு சத்திரசிகிச்சையோடு சேர்த்துச் செய்தால் வரும். உங்கள் குடும்பத்தில் யாராவது மயக்கத்தின்போது கடும் காய்ச்சல் கண்டிருந்தாலோ, எழும்ப மணிக்கணக்காகியிருந்தாலோ கட்டாயம் சொல்லுங்கள். தென்னிந்திய ஆரிய வைசியர் சமூகத்தில் தசையைத் தளர்த்தும் ஒரு மருந்தை உடைக்கும் நொதி குறைந்தவர்கள் கூடுதலாக இருக்கிறார்கள். அந்த நொதி குறைந்தவர்களுக்கு அந்த மருந்து நிமிடங்களில் விடாது, மணிக்கணக்கில் நிற்கும். இங்குள்ள வைத்தியர் அதைத் தானாக நினைக்காமல் போகலாம்.

செடேஷனோ முழு மயக்கமோ என்றால் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். பொதுவான கனேடிய வழமை: பொரித்தது, இறைச்சி என்றால் 8 மணி நேரம்; இலகுவான உணவுக்கு 6; தெளிந்த நீருக்கு 2. எங்கள் ஆட்கள் வழுக்குவது தேநீரில்தான். பிளேன்டி தெளிந்த நீர்க் கணக்கில் வரும். பால்தேத்தண்ணி உணவுக் கணக்கு, அதற்கு 6 மணி நேரம். "ஒரு வாய்தானே" என்று குடித்துவிட்டு மறைக்காதீர்கள், மயங்கிய நிலையில் அது நுரையீரலுக்குப் போகலாம். நீரிழிவுக்கும் எடை குறைக்கவும் போடும் ஓசெம்பிக் போன்ற ஊசி எடுப்பவர்களுக்கு வயிறு மெதுவாகவே காலியாகும், அதையும் சொல்லுங்கள். குறட்டையோடு மூச்சு நின்று வருகிற நோய் இருந்தாலும் அப்படியே.

அஸ்பிரின், மீனெண்ணெய், பூண்டுக் குளிசை, ஊரிலிருந்து வந்த லேகியம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் இரத்தம் மெலிக்கும் குளிசையைத் தாங்களாக நிறுத்தவே கூடாது.

அழகுக்காகச் செய்வதற்கு ஓகிப் (ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதி, OHIP) பணம் கொடுக்காது, 13 வீத எச்எஸ்டி வரியும் சேரும். விலை கேட்கும்போது மயக்கத்துக்கான கட்டணம் உள்ளே அடங்குமா, வேறாகவா என்று கேளுங்கள். தோல் தொங்கிப் பார்வையையே மறைக்கிறது என்றால் குடும்ப வைத்தியரிடம் முதலில் பேசுங்கள். பார்வைப் பரப்புச் சோதனையோடு ஓகிப்பிடம் கேட்கும் வழி வேறு. மருத்துவமனைக்கு வெளியே மயக்கம் கொடுக்கும் கிளினிக்குகளை ஒன்ராறியோ மருத்துவர் கல்லூரி (CPSO; படிக்கும் கல்லூரியல்ல, மருத்துவர்களுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் அமைப்பு) பரிசோதித்து, முடிவை இணையத்தில் போடுகிறது. வைத்தியரின் பெயரையும் அங்கே தேடிப் பார்க்கலாம்.

செடேஷனுக்குப் பிறகு தனியே வீடு போக விடமாட்டார்கள். ஊபர் சாரதியை "கூட வந்தவர்" என்று ஏற்கமாட்டார்கள். 24 மணி நேரம் காரோட்டவும் கூடாது. வந்து மூன்று மாதமான ஒருவருக்கு இது சின்ன விஷயமல்ல, ஆளைத் தேடிக்கொண்டு பிறகு நாளைக் குறியுங்கள். மொழிபெயர்க்கப் பள்ளிக்கூடப் பிள்ளையைக் கூட்டிப்போக வேண்டாம்.

விறைப்பு விட்ட பிறகு வருவது தாங்கக்கூடிய வலிதான், டைலனோல் (ஊரில் பரசிற்றமோல்) பெரும்பாலும் போதும். ஒரு கண்ணில் மட்டும் வலி ஏறிக்கொண்டே போய், கண் முன்னுக்குத் தள்ளி, பார்வை மங்கினால் அது கண்ணுக்குப் பின்னால் இரத்தம் தேங்குவதாக இருக்கலாம். விடியும்வரை பொறுக்காமல் 911ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராவிட்டால் "தமிழ்" என்ற ஒரு சொல் சொன்னால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.