ஒரிகன் தடத்தில் குடியேறிகளைக் கவிழ்த்த தவறுகள்

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்து இண்டிபெண்டன்ஸ் ஊரிலிருந்து ஒரிகனின் வில்லமெட் பள்ளத்தாக்கு ஏறத்தாழ 2,000 மைல். 1840களில் தொடங்கி, 1869-ல் கண்டம் கடக்கும் ரயில் ஓடும்வரை, குடியேறிகள் கூண்டு வண்டியில் நாலு முதல் ஆறு மாதம் நடந்தே போனார்கள். ஆம், நடந்துதான். வண்டி சாமானுக்கு; கால் வலுவுள்ளவர்கள் ஏறினால் மாடு படுத்துவிடும்.

முதல் தவறே பாரம்தான். நாலு அடி அகலம், பத்து அடி நீளம் கொண்ட சாதாரண பண்ணை வண்டியில் 2,000 முதல் 2,500 பவுண்டு வரை ஏற்றலாம். பெரியவர் ஒருவருக்கு மாவு 200 பவுண்டு, பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) 150, சர்க்கரை 20, காப்பி 10, உப்பு 10 என்று அன்றைய வழிகாட்டிகள் சொன்னார்கள். நாலு பேருக்கு இதுவே 1,560 பவுண்டு. மிச்சம் இருக்கும் 440 முதல் 940 பவுண்டுக்குள் படுக்கை, கூடாரம், கோடரி, கலப்பை, சமையல் பாத்திரம் எல்லாம் அடங்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் இரும்பு அடுப்பு, அலமாரி, பட்டறைக்கல் என்று ஏற்றியவர்கள் வழியிலிருந்த லாரமி கோட்டையை எட்டும்போது அவற்றைச் சாலையோரம் இறக்கிப் போட்டார்கள். 1849-ல் அங்கே பேக்கன்கூடக் குவியல் குவியலாகக் கிடந்தது.

பேக்கனைச் சும்மா மூட்டை கட்டுவதும் தவறு. சமவெளி வெயிலில் கொழுப்பு உருகி ஒழுகும். பெட்டியில் தவிடு பரப்பி, அதற்குள் புதைத்து வைத்தால் சூடு ஏறாது.

குதிரை கட்டுவது பார்க்க மிடுக்கு. ஆனால் தானியம் இல்லாமல் குதிரை நெடுந்தூரம் தாங்காது. எருது வழியோரப் புல்லிலேயே பிழைக்கும், விலையும் குறைவு. மணிக்கு இரண்டு மைல்தான் போகும் என்பதே குறை. வண்டிக்கு மூன்று ஜோடி என்பது பொதுக் கணக்கு. இரண்டு ஜோடியோடு கிளம்பியவர்களுக்கு ஒரு மாடு நொண்டினாலே பயணம் நின்றுபோகும். கொனஸ்டோகா என்ற பெரிய சரக்கு வண்டியைத்தான் எல்லாரும் ஓட்டினார்கள் என்ற நினைப்பும் பிழை. கிழக்கு மாநிலச் சாலைகளுக்கான அந்த வண்டியை மலைப்பாதையில் இழுத்தால் மாடுகள் செத்துவிடும்.

சக்கர விஷயத்தில் ஏமாந்தவர்கள் ஏராளம். சரியாக உலராத மரத்தில் செய்த வண்டி வாங்கும்போது நன்றாகத்தான் இருக்கும். பிளாட் ஆற்றைத் தாண்டி வறண்ட காற்று பட்டதும் வட்டை (சக்கரத்தின் மர விளிம்பு) சுருங்கும், ஆரக்கால் ஆடும், இரும்புப் பட்டா தளர்ந்து கழன்று உருளும். இரவில் சக்கரத்தை ஆற்றில் ஊறப்போடுவது வழக்கம். மரம் உப்பி இறுகும். ஆனால் அது ஓரிரு நாள் வைத்தியம், காய்ந்தால் பழைய கதைதான். பட்டாவுக்கும் வட்டைக்கும் இடையே மெல்லிய மர ஆப்பு அடித்தால் இன்னும் சில நாள் ஓடும். உருப்படியான வழி, பட்டாவைக் கழற்றி, வட்டையைச் சுற்றி மரச்சிம்பு வைத்து, பட்டாவை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி மாட்டி, உடனே தண்ணீர் ஊற்றி இறுக்குவது. அச்சுக்குத் தாரும் விலங்குக் கொழுப்பும் கலந்த மசகு வேண்டும். அதற்கான வாளி வண்டிக்கு அடியில் தொங்கும். அது காலியானபின் பேக்கன் கொழுப்பைத் தடவியவர்களும் உண்டு.

கிளம்பும் நாளில் இரு பக்கமும் சறுக்கலாம். ஏப்ரல் தொடக்கத்தில் போனால் புல் முளைத்திருக்காது. ஜூனில் போனால் முன்னே போன மாடுகள் மேய்ந்து தீர்த்திருக்கும், கடைசி மலையில் பனி காத்திருக்கும். ஏப்ரல் இறுதி, மே தொடக்கம் சரி. ஜூலை 4-க்குள் இன்றைய வயோமிங்கிலுள்ள இண்டிபெண்டன்ஸ் பாறையை எட்டினால் கணக்குச் சரியாக இருக்கிறது என்று பொருள்.

தண்ணீரே அதிகம் பேரைக் கொன்றது. 1849 முதல் 1852 வரை பிளாட் ஆற்றோரம் காலரா வாரிக்கொண்டு போனது. ஆற்றுநீர் கலங்கல் என்று மணலில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டினார்கள். முந்தைய கூட்டத்தின் கழிவும் அதே மணலில்தான் இறங்கியிருந்தது. நீர் தெளிவாகத் தெரிந்ததே ஏமாற்றியது. காப்பிக்குக் கொதிக்கவைத்த நீர் மட்டும், காரணம் தெரியாமலே, பாதுகாப்பாக இருந்தது. இன்றைய வயோமிங் பகுதியில், ஓரத்தில் வெள்ளைப் பொருக்குப் படிந்த குட்டைகளில் இருப்பது கார உப்பு கரைந்த நச்சுநீர். தாகத்தில் மாட்டை அங்கே அவிழ்த்துவிட்டால் ஜோடி ஜோடியாகச் சாகும்.

பிறகு குறுக்குவழி ஆசை. 1846-ல் கலிபோர்னியா நோக்கிப் போன டோனர் குழு, வழிகாட்டி நூல் எழுதிய லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் புகழ்ந்த வழியை நம்பி வழக்கமான தடத்தை விட்டது. அந்த வழியில் அவரே வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. வாசாட்ச் மலையில் மரம் வெட்டிப் பாதை போடவே வாரங்கள் போயின. நாற்பது மைல் என்று சொன்ன உப்புப் பாலை எண்பது மைல் இருந்தது. சியரா நெவாடா மலைத்தொடரை அடைந்தபோது பனி மூடிவிட்டது. 87 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் இறந்தார்கள்.

பூர்வகுடிகள் தாக்குவார்கள் என்ற பயமும் உயிரைக் குடித்தது, வேறு விதமாக. 1840 முதல் 1860 வரை அவர்களால் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர், குடியேறிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்று வரலாற்றாய்வு கணக்கிடுகிறது. ஆற்றைக் கடக்க உதவியதும், உணவு விற்றதும் பல இடங்களில் அவர்களே. ஆனால் பயந்தவர்கள் நிரப்பிய துப்பாக்கியைப் போர்வைக்கு அடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்தார்கள். அவசரத்தில் குழல் முனையைப் பிடித்து இழுத்ததும் வெடித்தது. மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியைக் (கேப்) கழற்றிவிட்டு வண்டியில் வைத்திருந்தால் அந்தச் சாவுகளில் பெரும்பாலானவை நடந்தேயிருக்காது.