கிராமப்புறச் சாலைகளில் ஒருநாள் கார்ப் பயணம்: தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகக் கார் வாங்கிய தம்பதியர் விடுமுறை நாளில் வயல்வெளிப் பக்கமாக நிதானமாகச் சுற்றி வரக் கிளம்புவதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் மாலையில் அவர்கள் களைத்து, ஒருவரோடொருவர் பேசாமல் வீடு திரும்புவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. நானும் என் மனைவியும் ஆரம்பத்தில் செய்த அதே பிழைகளைத்தான் அவர்களும் செய்கிறார்கள். எரிபொருள், சீட் பெல்ட், உரிமம் ஆகியவற்றை இங்கே சொல்லப் போவதில்லை; அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்க்க நினைப்பது

இந்த ஒரு தவறுதான் இன்றுவரை என்னை எரிச்சலூட்டுகிறது. நண்பர் ஒருவரின் மகனும் மருமகளும் தங்கள் முதல் பயணத்துக்கு முன்பு என்னிடம் ஒரு பட்டியலைக் காட்டினார்கள். அதில் ஏழு இடங்கள் இருந்தன. மொத்தத் தூரம் 280 கிலோமீட்டர். வழிகாட்டிச் செயலி ஐந்து மணி நேரம் என்று காட்டியதால், ஒரு நாள் தாராளமாகப் போதும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த ஐந்து மணி நேரம், எங்கும் நிற்காமல், பெரும்பகுதியை நெடுஞ்சாலையில் ஓட்டினால் ஆகும் நேரம் என்பதை அவர்கள் கவனிக்கவில்லை. செயலி இயல்பாகவே விரைவான வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். கிராமப்புறத்தைப் பார்க்கப் புறப்பட்டவர்களை அது கிராமங்களைத் தொடாத சாலையில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நெடுஞ்சாலையைத் தவிர்க்கும் வசதியைத் தேர்ந்தெடுத்தால் அதே பயணத்தின் நேரம் வெகுவாகக் கூடுவதைக் காணலாம். வளைவுகள், குறுகலான பாலங்கள், சாலையைக் கடக்கும் கால்நடைகள், முன்னால் மெதுவாகச் செல்லும் ட்ராக்டர் என்று எல்லாவற்றையும் சேர்த்தால், அத்தகைய சாலையில் சராசரியாக மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நியாயம். அந்தக் கணக்கில் 280 கிலோமீட்டருக்கு ஏழு மணி நேரம் ஆகும். அதில் சாப்பாடும் இல்லை, ஓய்வும் இல்லை, பார்க்க வந்த இடங்களும் இல்லை.

நான் எச்சரித்தும் அவர்கள் பட்டியலைக் குறைக்கவில்லை. இரண்டாவது இடமான ஏரிக்கரையில், அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கால் வைத்த நேரத்தில், "போகலாமா? இன்னும் அஞ்சு இடம் பாக்கி இருக்கு" என்று கணவர் காருக்குள்ளிருந்து கூப்பிட்டாராம். அதற்குப் பிறகு அந்தப் பெண் எந்த இடத்திலும் காரை விட்டு இறங்கவில்லை. ஒரு நாளைச் சேர்ந்து கழிக்க வந்த இருவரை அந்தப் பட்டியல் இப்படிப் பிரித்துவிட்டது.

அதைவிடப் பெரிய விலை இருட்டிய பிறகு காத்திருந்தது. தாமதத்தை ஈடுகட்ட, விளக்கில்லாத சாலையில் கணவர் வேகமாக ஓட்டியிருக்கிறார். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்தி முழுதாக நிற்பதற்கு, உலர்ந்த சாலையில்கூட 50 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். லோ பீம், அதாவது தாழ்த்தி வைத்த முன்விளக்கின் வெளிச்சம், தெளிவாகக் காட்டுவதும் ஏறத்தாழ அவ்வளவு தூரத்தைத்தான். பின்விளக்கு இல்லாத ஒரு டிரெய்லர் திடீரென்று முன்னால் தெரிந்தபோது, காரைச் சாலையோர மண்ணில் இறக்கியதால் இருவரும் தப்பினார்கள். காரின் அடிப்பாகமும் ஒரு சக்கரமும் சேதமடைந்தன.

முழுச் சுற்றும் 120 முதல் 150 கிலோமீட்டருக்குள் இருக்கட்டும். இரண்டு இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மணி நேரம் இருங்கள். சூரியன் மறைவதற்கு முன்பே பெரிய சாலையை அடையும்படி, திரும்பும் நேரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே போகும் இடங்களை முடிவு செய்யுங்கள்.

சூரியன் இருக்கும் திசையை மறப்பது

காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் ஓட்டினால், தாழ்ந்த வெயில் இரண்டு முறையும் கண்ணில் அடிக்கும். அழுக்குப் படிந்த முன்கண்ணாடியில் அந்த வெளிச்சம் சிதறும்போது, எதிரே சைக்கிளில் வருபவர் கூடத் தெரியமாட்டார். வீட்டுக்கு மேற்கே இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தால் போகும்போதும் வரும்போதும் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும். முன்னால் விரியும் வயல்களும் நல்ல வெளிச்சத்தில் தெரியும்.

ஒருவரே நாள் முழுக்க ஓட்டுவது

ஓட்டுபவர் பார்ப்பது சாலையை மட்டுமே. இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால், அவர் நாள் முழுக்க ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பது பெருந்தன்மை ஆகாது. பிற்பகல் இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை உடலில் இயல்பாகவே ஒரு சோர்வு வரும், சாப்பாட்டுக்குப் பிறகு அது இன்னும் கூடும்; அந்த நேரத்தில் இடம் மாறிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் வளைவுச் சாலையில் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டே வழி சொல்வதும் கூடாது. கண் அசையாத திரையைக் காண, உட்காது அசைவை உணர, அந்த முரண்பாட்டால்தான் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. அப்படி ஆகிவிட்டால் உடனே நிறுத்தி இறங்குங்கள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று சமாதானம் சொல்லாதீர்கள்.

சிக்னல் கிடைக்கும் என்று நம்புவது

கிடைக்காது. வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

கண்ட இடத்தில் வண்டியை நிறுத்துவது

ஆளில்லாத வயல் வாசலாகத் தோன்றுவது, அறுவடை வண்டிக்கு அன்று இருக்கும் ஒரே வழியாக இருக்கலாம். காய்ந்த புல்லின் மேல் நிறுத்துவது அதைவிட ஆபத்து: வெகுதூரம் ஓடிய காரின் புகைப்போக்கிப் பகுதி, குறிப்பாகப் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர், பல நூறு டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கும், உயரமான புல் அதில் உரசினாலே தீப்பற்றக்கூடும். வெறும் மண்தரை கிடைக்கும் வரை இன்னும் ஒரு கிலோமீட்டர் ஓட்டிச் சென்று நிறுத்துங்கள்.

ஸ்டெப்னியை மறப்பது

அந்த மாற்றுச் சக்கரத்திலும் காற்று இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பு பாருங்கள்.