காபன் எடுக்கும் மருந்து: போத்தலைத் திறக்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரே கிழமைக்குள் மூன்று பேர் காலிப் போத்தலோடு ஹட்டனில் இருக்கும் எங்கள் கராஜுக்கு வந்தார்கள். மூவருமே இளவட்டங்கள், மூவரும் சொன்னதும் ஒன்றுதான்: "அண்ணே, காபன் எடுக்குற மருந்து ஊத்துனேன். அதுக்குப் பொறகுதான் வண்டி சரியில்ல." இஞ்சினுக்குள் படியும் கரியைத்தான் காபன் என்கிறோம், அதை எடுக்க எரிபொருளோடு டாங்கியில் ஊற்றுவதுதான் இந்த மருந்து. ஒருவருடைய காருக்கு மருந்தே தேவைப்பட்டிருக்கவில்லை. இன்னொருவருக்கு ஒரு செட் பிளக்கோடு செலவு முடிந்தது. மூன்றாவது ஆளுடைய வேன் இன்னும் எங்கள் கொட்டகையில்தான் நிற்கிறது, இஞ்சினைக் கழற்றி வைத்திருக்கிறோம்.

இருபது வருடத்துக்கு முன் நான் விட்ட பிழைகளைத்தான் இந்தப் பிள்ளைகளும் வரிசை மாறாமல் விடுகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் எல்லோரும் பழைய வண்டியைத்தான் கட்டி இழுத்தோம். புது வண்டியின் விலையைக் கேட்டால் இன்றும் அதே நிலைமைதான். அதனால் ஒரு போத்தலில் வண்டி புதிதாகிவிடும் என்று யாராவது சொன்னால் மனம் நம்பத்தான் செய்யும். டீசல் மருந்தைப் பெற்றோல் வண்டிக்கு ஊற்றாதே, போத்தலில் எழுதியிருப்பதை வாசி என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

இழுவை குறைந்தாலே காபன் என்று நினைப்பது

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதிகம் விடும் பிழை இது. கடல் மட்டத்தில் நன்றாக இழுத்த கார் நுவரெலியாவில் ஏறமாட்டேன் என்கிறது, உடனே ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் ஒரு போத்தல். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 80 வீதம்தான். டேர்போ இல்லாத இஞ்சின் உள்ளே இழுக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைகிறது, பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்குகிறது. இறம்பொடை வளைவுகளில் திணறிய அதே கார் கம்பளைக்கு இறங்கியதும் சரியாகிவிட்டால் அதில் எந்தக் கோளாறும் இல்லை.

இறங்கிய பிறகும் இழுவை வராவிட்டால் முதலில் எயார் பில்டரைக் கழற்றிப் பாருங்கள். பிறகு கையால் ஒவ்வொரு சில்லையும் தொட்டுப் பாருங்கள். மலை இறங்கி வந்த வண்டியில் பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தால் ஒரு சில்லு மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாகக் கொதிக்கும். கிளச் வழுக்குகிறதா என்றும் பாருங்கள். இந்த மூன்றும் சரியென்றால் மட்டும் காபனைப் பற்றிப் பேசலாம்.

மருந்து எங்கே போகிறது என்று யோசிக்காமல் ஊற்றுவது

டாங்கியில் ஊற்றும் மருந்து எரிபொருள் போகும் வழியில்தான் போகும். எரிபொருள் படாத இடத்தை அது சுத்தம் செய்யாது. இதை மட்டும் மனதில் வைத்திருந்தால் பாதிக் காசு மிச்சம்.

நம் பக்கம் ஓடும் சின்ன ஜப்பான், இந்தியக் கார்களில் பெரும்பாலானவற்றில், காற்று உள்ளே வரும் இன்லெட் வால்வின் முதுகில்தான் பெற்றோல் தெளிக்கிறது. அங்கே மருந்து வேலை செய்யும். பொலிஈதர் அமீன் உள்ள மருந்து இன்ஜெக்டர், வால்வு, பிஸ்டன் தலை மூன்றிலும் வேலை செய்யும், ஏனென்றால் எரிபொருள் எரியும் அறைக்குள் இருக்கும் சூட்டையும் அது தாங்கும். பொலிஐசோபியூட்டிலீன் அமீன் மட்டும் உள்ளது வால்வைச் சுத்தமாக வைத்திருக்கும், ஆனால் எரியும் அறைக்குள் படிந்திருப்பதை எடுக்காது. போத்தலில் இரண்டு பெயருமே இல்லாமல் பளபளவென்று இஞ்சின் படம் மட்டும் இருந்தால் நான் வாங்குவதில்லை.

டிரெக்ட் இன்ஜெக்ஷன் காரில் பெற்றோல் நேராக அறைக்குள் பாய்கிறது. வால்வின் முதுகை அது தொடுவதே இல்லை. அந்தக் காருக்கு எத்தனை போத்தல் ஊற்றினாலும் வால்வில் உள்ள காபன் அப்படியே கிடக்கும். இஞ்சினுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மெனிபோல்டைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

டீசல் வேனில் இன்னும் மோசம். புகையில் கொஞ்சத்தை மறுபடி இஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜீ.ஆர் வால்வு, அதிலிருந்து காற்றுப் பாதைக்குப் போகும் குழாய், இன்டேக் மெனிபோல்ட் எல்லாம் டீசல் போகாத இடங்கள். சைலன்சருக்குப் போக வேண்டிய புகைக்கரியும் இஞ்சினிலிருந்து வரும் ஒயில் ஆவியும் அங்கே கலந்து தார் மாதிரி அடை பிடிக்கிறது. போன வருடம் ஒரு வேனில் மெனிபோல்டைக் கழற்றியபோது, மூன்று விரல் நுழைய வேண்டிய துளையில் என் சுண்டுவிரல்தான் நுழைந்தது. அந்த அண்ணன் அதற்கு முன் எட்டு மாதமாக மாதம் ஒரு போத்தல் டாங்கியில் ஊற்றியிருக்கிறார். இன்ஜெக்டர் முனைகள் நன்றாகத்தான் இருந்தன.

ஒயிலுக்குள் ஃபிளஷ் ஊற்றிக்கொண்டு ஓடுவது

கொட்டகையில் நிற்கும் அந்த வேனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோர்வூட்டுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. அம்மா முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்து, ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈ.பி.எப் காசில் வாங்கிக் கொடுத்த பழைய டீசல் வேன். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவார், பகலில் ஹயர். நல்ல பிள்ளை, வண்டியைத் தினமும் துடைத்து வைத்திருப்பார். டாங்கிக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் இஞ்சினை உள்ளே கழுவும் ஃபிளஷ் என்று இன்னொரு போத்தலையும் கையில் கொடுத்திருக்கிறார்: "இத ஒயிலுக்குள்ள ஊத்துங்க தம்பி, உள்ள இருக்குற காபன் எல்லாம் கரைஞ்சு வந்துரும்."

சூடான இஞ்சினில் ஊற்றி, ஓட்டாமல் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் மட்டும் விட்டு, உடனே பழைய ஒயிலை இறக்க வேண்டும் என்று போத்தலில் இருந்தது. பத்து நிமிடத்தில் இவ்வளவு கரையுமென்றால் ஒரு நாள் ஓடினால் இன்னும் நன்றாகக் கரையுமே என்று இவர் நினைத்துவிட்டார். பிள்ளைகளை இறக்கிவிட்டு ஒயில் மாற்ற ஹட்டனுக்குப் புறப்பட்டார். டிக்கோயா தாண்டி ஏறும்போது வளைவுகளில் ஒயில் லைட் மினுங்கியது. பிறகு அணையவே இல்லை. "டவுன் கிட்டத்தானே இருக்குன்னு ஓட்டிட்டு வந்துட்டேண்ணே" என்றார். வண்டி எங்கள் வாசலுக்கு வரும்போது அடியில் சுத்தியலால் அடிக்கிற சத்தம்.

இஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் சம்பைக் கழற்றினோம். ஒயிலை உறிஞ்சும் குழாயின் முனையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பிவலை இருக்கும். அந்த வலை கண்ணுக்குத் தெரியவில்லை. அதன்மேல் களி மாதிரி கறுப்பாக ஒன்று அப்பியிருந்தது, விரலால் வழித்தால் கித்துள் பாணி போல நூல் விட்டது. நடுவில் பட்டாணி அளவுக்கு ஒரு ஓட்டை, அது வழியாகத்தான் இஞ்சின் முழுவதற்கும் ஒயில் போயிருக்கிறது. பிஸ்டன் தண்டு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்தில் இருக்கும் பிக் எண்ட் பெயாரிங்கைத் திறந்தபோது, வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டிய மேற்பூச்சு உரிந்து செம்பு தெரிந்தது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான அந்தக் கிராங்க்கில் நகத்தை வைத்து இழுத்தால் கோடு தட்டுப்பட்டது. கண்டிக்கு அனுப்பி லேத்தில் கொடுத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். கணக்குப் பார்த்தால் ஐந்து லட்சத்துக்குக் கிட்டே வருகிறது. அந்தத் தாய் கராஜுக்கு வந்து வேனைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார்.

இது ஏன் நடக்கிறது? ஒயில் காலத்துக்கு மாற்றாத இஞ்சினில் அடை ஒரு நாளில் வருவதில்லை. 2022 நெருக்கடியில் ஒயில் விலை ஏறியபோது பலர் 5,000 கிலோமீற்றரில் மாற்ற வேண்டியதை இரண்டு மடங்கு ஓட்டினார்கள். அதோடு நம் ஊர்க் குளிர். தோட்டத்து டிவிஷனிலிருந்து டவுனுக்கு ஐந்தாறு கிலோமீற்றர், இஞ்சின் சூடேறுமுன் அணைத்துவிடுகிறோம். உள்ளே வேர்த்த தண்ணீர் ஆவியாகிப் போக நேரமில்லை, அது ஒயிலோடும் கரியோடும் கலந்து வால்வு மூடிக்குள்ளும் சம்பின் மூலைகளிலும் ஒட்டிக்கொள்கிறது. அங்கேயே ஒட்டிக் கிடக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. ஃபிளஷ் அதைச் சொட்டுச் சொட்டாகக் கரைப்பதில்லை, துண்டு துண்டாகப் பெயர்த்து விடுகிறது. பெயர்ந்ததெல்லாம் சம்புக்கு இறங்கி உறிஞ்சுகிற வலைக்குப் போகும். பில்டர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது, அதனால் பில்டர் காப்பாற்றாது. அதே நேரத்தில் ஃபிளஷ் ஒயிலையும் தண்ணீராக்கிவிடுகிறது. அந்த ஒயிலோடு இரண்டாம் கியரில் ஏற்றம் ஏறினால் பெயாரிங் எப்படித் தாங்கும்?

எனக்கு இது தெரிந்த விதத்தையும் சொல்கிறேன். 2005இல் கொட்டகலையில் ஒரு பாஸிடம் வேலை பழகிக்கொண்டிருந்தேன். பாஸ் இல்லாத நேரத்தில் ஒரு ஆசிரியரின் பழைய காருக்கு ஃபிளஷ் ஊற்றி ஸ்டார்ட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். முக்கால் மணித்தியாலம் கழித்து வந்தபோது வால்வுப் பக்கம் டெபட் தட்டுகிற சத்தம் தெரு முனைவரை கேட்டது. பாஸ் தன் கைக்காசில் அந்த இஞ்சினைச் செய்து கொடுத்தார். என் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை. கழற்றிய வலையை மட்டும் ஒரு ஆணியில் தொங்கவிட்டு, நான் அங்கே இருந்த காலம்வரை எடுக்காமல் வைத்திருந்தார். இன்று அதே வலையை இன்னொரு வண்டியில் பார்க்கும்போது எனக்கு அந்தப் பிள்ளை மேல் கோபமில்லை. வண்டியின் வயதைக் கேட்காமல், ஒயில் மூடியைத் திறந்து பார்க்கச் சொல்லாமல் அதை விற்கிறார்களே, அதுதான் ஆத்திரம்.

அடை பிடித்த இஞ்சினுக்கு நான் செய்வது வேறு. மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்ப்பேன். உள்ளே உலோகம் தேன் நிறத்தில் தெரிந்தால் பயமில்லை. கறுப்பாக மெத்தை மாதிரி இருந்தால் ஃபிளஷ் வேண்டவே வேண்டாம். சம்பை இறக்கி வலையைக் கையால் கழுவிப் போட்டு, அந்த இஞ்சினுக்குச் சொன்ன கிரேட்டில் நல்ல ஒயில் ஊற்றி, 1,000 கிலோமீற்றரில் ஒயிலும் பில்டரும் மாற்றுவேன். கழற்றிய பில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்ப்பேன். கறுப்புத் துகள் குறையும்வரை 1,000, 1,500 என்று இதையே திரும்பச் செய்வேன். ஒயிலே தன்பாட்டில் மெதுவாகக் கழுவிக்கொண்டு வரும். மூன்று நான்கு ஒயில் செலவாகும், இஞ்சின் மிஞ்சும்.

ஒரு விஷயம்: நுவரெலியாப் பக்கம் ஜனவரிக் காலையில் மூடியைத் திறந்தால் அடியில் பால் கோப்பி நிறத்தில் நுரை இருக்கும். ஹெட் கெஸ்கெட் போய் ரேடியேற்றர் தண்ணீர் ஒயிலில் கலந்துவிட்டது என்று பயந்து வருகிறார்கள். டிப் ஸ்டிக்கில் ஒயில் சுத்தமாக இருந்து, ரேடியேற்றரில் தண்ணீரும் குறையாவிட்டால் அது குளிரில் வேர்த்த தண்ணீர்தான். வாரத்துக்கு ஒரு தடவை தூர ஓட்டம் ஓடினால் போய்விடும்.

மண்ணெண்ணெய்

காபன் கரையும் என்று இதை ஊற்றுவது ஒயிலுக்குள்ளும் வேண்டாம், டாங்கிக்குள்ளும் வேண்டாம்.

ஒயில் எரிகிற இஞ்சினுக்கு மருந்து கொடுப்பது

காபன் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் எடுத்தால் இரண்டு மாதத்தில் திரும்பி வரும். நம் ஊர் ரோட்டே இதைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். நீண்ட இறக்கத்தில் எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு கியரில் இறங்குங்கள். பெற்றோல் இஞ்சினில் அப்போது இன்டேக் பக்கம் பலமாக உறிஞ்சும். இறக்கம் முடிந்து மறுபடி மிதிக்கும்போது பின்னால் குப்பென்று நீலப் புகை வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்திருக்க இடமுண்டு. ஏற்றத்தில் மிதிக்க மிதிக்க நீலப் புகை விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகப்படுங்கள். வால்வு சீல் தேய்ந்ததற்குப் போத்தலில் மருந்தில்லை. ரிங் காபனில் ஒட்டிக்கொண்டது மட்டுமென்றால் சில நேரம் இளகும், தேய்ந்ததென்றால் இளகி என்ன பயன்? முதலில் கம்பிரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள்.

அளவு தெரியாமல், ஓடாமல் ஊற்றுவது

பெரிய டாங்கிக்கான போத்தலைச் சின்னக் காருக்கு அப்படியே கவிழ்க்கிறார்கள். சின்னக் கார்களின் டாங்கி 27, 35 லீற்றர்தான். த்ரீவீலுக்கு இன்னும் குறைவு. கணக்குப் பார்த்து ஊற்றுங்கள். பெற்றோல் செட்டுக்குப் போய் முதலில் மருந்து, அதன்மேல் பெற்றோல், அப்போதுதான் கலக்கும். பிறகு அந்த டாங்கியைப் பத்துப் பத்து நிமிட ஓட்டத்தில் முடிக்காதீர்கள். ஹட்டனிலிருந்து அவிசாவளைவரை போய் வாருங்கள். திரும்பி வரும்போது கினிகத்தேனை ஏற்றத்தை நாலாம் கியரில் திணறிக்கொண்டு ஏறாமல் மூன்றில் இஞ்சினைச் சுற்றவிட்டு ஏறுங்கள். அந்தச் சூடுதான் பாதி வேலையைச் செய்யும்.

ஒக்டேன் பூஸ்டரைக் காபன் மருந்தென்று வாங்குவது

இரண்டும் வேறு, பூஸ்டர் பெற்றோலின் ஒக்டேனை ஏற்றுவதற்கு. மங்கனீஸ் சேர்ந்த பூஸ்டர் பிளக்கில் செங்கல் நிறத்தில் படியும்.

எமிஷன் டெஸ்டுக்குப் போகும் காலையில் ஊற்றுவது

ஒரு டாங்கி எரிபொருள் ஓடி முடியும் அளவுக்கு முன்னதாக ஊற்றியிருக்க வேண்டும்.

கார்புரேட்டர் ஸ்பிரேயை எயார் ஃப்ளோ சென்சரில் அடிப்பது

இஞ்சினுக்குள் போகும் காற்றை அளக்கும் அந்தச் சென்சர் போய்விடும். அதற்கென்றே தனி ஸ்பிரே இருக்கிறது.

மருந்து முடிந்ததும் மறந்துவிடுவது

டாங்கி மருந்தில் கொஞ்சம் ரிங் வழியாகக் கீழே இறங்கி ஒயிலில் சேரும். அதனால் ஒயில் மாற்றிய மறுநாள் மருந்து ஊற்றாதீர்கள். மாற்ற வேண்டிய நாள் நெருங்கும்போது ஊற்றி, அந்த டாங்கி முடிந்ததும் ஒயிலை மாற்றுங்கள். பிளக்கையும் கழற்றிப் பாருங்கள், பெயர்ந்த காபன் முனையில் சிக்கி மிஸ்ஸிங் வருவதுண்டு. இரண்டாவதாக வந்தவருக்கு நடந்தது அதுதான். அவர் இரிடியம் பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு வந்திருந்தார். ஊசி மாதிரி இருக்கும் அந்த முனையைத் தேய்க்கக் கூடாது, அழுக்கு போகாவிட்டால் மாற்ற வேண்டியதுதான்.

நோர்வூட் தம்பியின் கிராங்க் அடுத்த கிழமை கண்டியிலிருந்து வருகிறது. புது ஒயில் ஊற்றி முதல் 500 கிலோமீற்றரில் பில்டரை அறுக்கும்போது அவரையும் பக்கத்தில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.