மலைநாட்டுக்குப் பழைய ஜீப் வாங்கப் போகிறீர்களா? இறக்கத்தில் ஓட்டிப் பாருங்கள்

கொட்டகலையில் அல்டோ ஓட்டிக்கொண்டிருந்த நான், இன்னொருவர் கொஞ்ச காலம் பாவித்த டொயோட்டா ரெய்ஸ் ஜீப் ஒன்றுக்கு மாறியிருக்கிறேன். அதற்கு முன் ஹட்டன், கண்டி, கொழும்பு என்று அலைந்து நிறைய வாகனங்கள் பார்த்தேன். கிடைத்த ஆலோசனைகள் எல்லாம் கொழும்பு நெரிசலை வைத்துச் சொன்னவை. நமக்கு வேண்டியது முடக்குக்கு முடக்கு ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு ஏறி, மழையிலும் பனிமூட்டத்திலும் இறங்குகிற வாகனம். அதை மட்டும் மனதில் வைத்து எழுதுகிறேன். காப்புறுதி, பேரம் எல்லாம் அல்டோ வாங்கும்போதே பழகியிருப்பீர்கள், அதற்குள் போகவில்லை.

படி 1: டேப் எடுத்துப் போங்கள்

பார்வைக்கு உயரமாக நிற்பதெல்லாம் உயரமில்லை. மாருதி அல்டோவின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி 160 மி.மீ. ஜப்பானில் விற்ற முதல் தலைமுறை டொயோட்டா சி.எச்.ஆர். ஹைபிரிட்டுக்கு அது 140 மி.மீ.தான். அல்டோ தட்டாமல் போய் வந்த தோட்டத்து ரோட்டில் சி.எச்.ஆர். உரசும். முன்சக்கர இயக்க ஹொண்டா வெசல், ரெய்ஸ் இரண்டுக்கும் 185. 2006இல் வந்த டைஹட்சு டெரியோஸுக்கு 200. மெயின் ரோட்டோரம் வீடு என்றால் சி.எச்.ஆரே போதும். லயத்துக்கோ, மேல் டிவிஷனுக்கோ போக வேண்டியவர்கள் 180க்குக் கீழே பார்க்காதீர்கள். பழைய வாகனத்தில் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், டயரும் சைஸ் மாறியிருக்கலாம். அதனால் புத்தகக் கணக்கோடு விட்டுவிடாமல் நீங்களே அளந்து பாருங்கள். உங்கள் வீட்டு கேட்டில் கொங்கிரீட் ஏற்றம் இருந்தால் முன் பம்பர் அங்கே இடிக்குமா என்பதும் முக்கியம்.

படி 2: எஞ்சின்

உயரம் போகப் போகக் காற்று அடர்த்தி குறையும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்து வீதம் இழுவையை இழக்கிறது. நுவரெலியா 1,868 மீட்டர். கொழும்பில் நன்றாக இழுத்த வண்டி றம்பொடை ஏற்றத்தில் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். டர்போ இந்த இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ரெய்ஸின் 996 சி.சி. மூன்று சிலிண்டர் டர்போ எஞ்சினை நான் நம்பி எடுத்தது அதனால்தான். ஹைபிரிட்டின் மோட்டாருக்குக் காற்று தேவையில்லை, அதுவும் ஏற்றத்தில் கைகொடுக்கும்.

படி 3: கியர்பொக்ஸ்

2013 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் தலைமுறை வெசல் ஹைபிரிட்டில் இருப்பது ஏழு கியர் இரட்டைக் கிளட்ச். அந்தக் கிளட்ச் உலர் வகை, ஒயிலில் மூழ்கியிருப்பதில்லை. ஏற்றத்தில் வரிசையில் நின்று அங்குலம் அங்குலமாக நகரும்போது சூடாகும். சிவனொளிபாதமலை சீசனில் மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி போகும் வரிசையை நினைத்துப் பாருங்கள். இந்தக் கியர்பொக்ஸின் மென்பொருளைச் சரிசெய்ய ஜப்பானில் 2014இல் வாகனங்களைத் திருப்பி அழைத்தார்கள். ஆரம்பகால வெசல் என்றால் அந்தத் திருத்தம் செய்ததற்கு ஆதாரம் கேளுங்கள்.

சோதிக்கும் முறை இதுதான். நான்கு பேர் ஏறிக்கொள்ளுங்கள். நல்ல ஏற்றத்தில் நிறுத்தி, பிரேக்கை விட்டு மெதுவாக எக்சிலேட்டரை மிதியுங்கள். திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உதறல், திடீரென்று பிடிப்பது, கருகிய வாடை, மீட்டரில் சூடு எச்சரிக்கை, இதில் ஒன்று வந்தாலும் எனக்கு அந்த வாகனம் வேண்டாம். ஏற்றத்தில் எக்சிலேட்டரை வைத்தே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறவர் விற்பவராக இருந்தால், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சி.வி.டி. (தனித்தனி கியர் இல்லாத ஓட்டோ) என்றால் அதன் ஒயில் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு பாருங்கள். டெரியோஸின் பழைய நான்கு கியர் ஓட்டோ பெற்றோல் குடிக்கும், ஆனால் சேற்றுப் பாதை உள்ள தோட்டங்களுக்கு அதன் நான்கு சக்கர இயக்கத்தோடு சேர்த்து இன்றும் அதையே சொல்வேன்.

படி 4: இறக்கம்

பலர் ஏற்றத்தில் நன்றாக இழுத்ததும் திருப்தியாகி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்து இறக்கத்தில்தான்.

ஹைபிரிட் வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். இறங்கும்போது மோட்டார் சக்கரத்தைப் பிடித்து பேட்டரியை சார்ஜ் பண்ணும், அதனால் பிரேக் தேயாது என்பார்கள். சமதரையில் அது சரி. நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை 600 மீட்டருக்கு மேல் கீழே இருக்கிறது. 1,300 கிலோ வாகனம் அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி ஏறக்குறைய இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். முதல் தலைமுறை வெசலின் பேட்டரி முழுவதும் சேர்த்தே 0.86 யூனிட்தான், அதிலும் ஒரு பகுதியைத்தான் பாவிக்க விடுவார்கள். டயர் உராய்விலும் காற்றிலும் கொஞ்சம் போனாலும், பாதி வழியிலேயே பேட்டரி நிறைந்துவிடும். அதற்குப் பிறகு எஞ்சினும் சாதாரண பிரேக்கும்தான் வண்டியைப் பிடிக்க வேண்டும். பேட்டரி பழையது என்றால் இன்னும் சீக்கிரம் நிறையும்.

ஆகவே கால் மணி நேரமாவது இறங்குங்கள். தெரியாத வாகனத்தை நானுஓயாவிலிருந்து இறங்கும் ரதல்லை குறுக்கு ரோட்டில் கொண்டுபோக வேண்டாம். அகலமான, ஒதுங்கி நிற்க இடமுள்ள பாதையாகப் பாருங்கள். லீவரை எல் அல்லது பி இடத்தில் போடுங்கள் (எழுத்து வாகனத்துக்கு வாகனம் மாறும்). எஞ்சின் சத்தம் உயர்ந்து, பிரேக்கைத் தொடாமலே வேகம் கட்டுப்பட வேண்டும். ஹைபிரிட் என்றால் பேட்டரி கோடுகள் நிறைந்த பிறகும் அதே பிடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு டி இடத்தில் கால் பிரேக்கால் இறங்குங்கள். ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் நெளிந்திருக்கிறது. பெடல் வர வர ஆழமாகப் போனால் பிரேக் ஒயில் பழையதாகித் தண்ணீர் சேர்ந்திருக்கலாம், சூட்டில் அது கொதிக்கும். அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

கீழே வந்ததும் இறங்கி நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். முன் இரண்டும் ஒரே அளவு அனல் அடிக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் அதன் கலிப்பர் (பிரேக் பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இறுகியிருக்கிறது. நான் பார்த்த ஒரு வாகனத்தில் இடது முன் சக்கரத்தில் மட்டும் ரிம் முழுக்கக் கறுப்புத் தூள் அப்பியிருந்தது, வலப்பக்கம் சுத்தம். அனலும் இடப்பக்கம்தான். மற்ற எல்லாவற்றிலும் குறை சொல்ல முடியாத வண்டி அது.

படி 5: குளிர்ந்த எஞ்சின், ஈரம் பட்ட சீட்

முதல் நாள் இரவே விற்பவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்: "அண்ணே, நான் வரும்வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம வைங்க." போனதும் பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோதும், 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் ஏராளமான வாகனங்கள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். யாரும் கழுவ நினைக்காத அந்தக் கடைசி முழத்தில் சேற்றுக் கோடு தெரியும். ஸ்பெயார் டயர் கிடக்கும் குழியையும், சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளின் துருவையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். டொயோட்டா ஹைபிரிட்டில் பின் சீட் ஓரம் பேட்டரிக்குக் காற்று இழுக்கும் துவாரம் இருக்கும், தூசி அடைத்திருக்கக் கூடாது.

கருவிகளில் எனக்குப் பிடித்தது நல்ல டோர்ச்சும், வாகனத்தின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறுகளைக் காட்டும் புளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனரும். பெயின்ட் தடிப்பு அளக்கும் கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், அதைவிட உங்களுக்குத் தெரிந்த கராஜ் பாஸைக் கூட்டிப்போய் அவர் கைக்கு ஏதாவது கொடுங்கள். விற்பவர் சொல்லும் கராஜுக்கு மட்டும் போகாதீர்கள்.

படி 6: காகிதம்

2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே சந்தையில் நிற்கும் பழைய வெசல் பெரும்பாலும் 2020க்கு முன் வந்தது, இங்கே ஐந்து வருடத்துக்கு மேல் ஓடியிருக்கும். மீட்டர் அதற்குப் பொருந்துகிறதா? ஜப்பான் ஏலத் தாளில் (அங்கே ஏலத்தில் விற்கும்போது வாகனத்தின் நிலையைக் குறித்த தாள்) உள்ள கிலோமீட்டரிலிருந்து தொடங்கி, சர்வீஸ் பில்களைத் திகதி வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஏலத் தாளில் ஆர் என்று தரம் போட்டிருந்தால் விபத்தில் அடிபட்டுத் திருத்திய வாகனம். செசி இலக்கத்தைத் தாளோடும் வாகனத்தோடும் பதிவுப் புத்தகத்தோடும் ஒத்துப் பாருங்கள்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்த சிலர் "ஓப்பன் பேப்பரில் வாங்கலாமா?" என்று, அதாவது பெயர் மாற்றாமல் முந்தைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். முந்தைய உரிமையாளர் வெளிநாடு போய்விட்டாலோ இறந்துவிட்டாலோ பெயர் மாற்றுவது பெரும்பாடு. அத்தோடு, பதிவுப் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்ததற்கான கடிதம் வந்து, அந்தப் பெயர் நீங்கும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். விற்பவரோடு நீங்களே லீசிங் கம்பனிக்குப் போய், மீதிக் கடனை அங்கேயே நேரடியாகக் கட்டி, ரசீதை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.