சுகத்துக்காக ஜெபிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வியாதிக்காரருக்காக ஜெபிக்கிறவர்கள் செய்யும் தவறுகளிலேயே ஆபத்தானது, "சுகமாகிவிட்டது" என்று தாங்களே அறிவித்துவிடுவது. பெத்சாயிதாவில் குருடன்மேல் கைவைத்த இயேசு, எதையாவது காண்கிறாயா என்று அவனிடமே கேட்டார். மனுஷர் நடக்கிற மரங்களைப் போலத் தெரிகிறார்கள் என்று அவன் உள்ளதை உள்ளபடி சொன்னான். அவிசுவாசம் என்று அவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. மறுபடியும் கைவைத்தார் (மாற்கு 8:22-25). குஷ்டரோகி சுத்தமானபோதும், போய் ஆசாரியனுக்குக் காண்பி என்றுதான் அனுப்பினார் (மாற்கு 1:44). குஷ்டம் நீங்கியதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு அன்று ஆசாரியனுக்கு இருந்தது. ஆண்டவரிடம் கேட்பது நம் வேலை. ஆயிற்றா இல்லையா என்று சொல்ல வேண்டியவர்கள் நோயாளியும் அவரைச் சோதிக்கிறவரும்.

இந்த ஒழுங்கு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு, மதுரைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையோடு வரும் டெங்குவே போதும். காய்ச்சல் பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் இறங்கிவிடும். இறங்கிய பிறகு வரும் 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம்: இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியும், தட்டணுக்கள் குறையும். "ஜெபித்தோம், காய்ச்சல் விட்டது" என்று பிள்ளையை ஞாயிறு ஆராதனையில் சாட்சிக்கு நிறுத்துவது சரியாக இந்த நேரத்தில்தான். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, பிள்ளை துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சாட்சி அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம்.

காசநோயிலும் இதே கண்ணி. சிகிச்சை தொடங்கிய சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும், உடம்பு தேறும். கிருமி அப்போதும் நுரையீரலில் இருக்கும். அதனால்தான் முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று மருந்து என்று 6 மாதம் கொடுக்கிறார்கள். நடுவில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பி, வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றலாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம். அது உயிரைக் குடிக்கும். சிறு வயதிலேயே இன்சுலின் போட வேண்டிவந்த சர்க்கரை நோயாளிக்கு ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறிவிடும். ஆகவே எந்த மாத்திரையையும் நிறுத்துவது, எழுதிக் கொடுத்த மருத்துவரின் முடிவாகவே இருக்கட்டும். சர்க்கரை உண்மையாகவே குறைந்திருந்தால் அடுத்த ரிப்போர்ட்டில் தெரியும். டோஸை அவரே குறைப்பார். கர்த்தர் கொடுத்த சுகம் இரத்தப் பரிசோதனைக்குப் பயப்படாது.

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்கிறவர்கள், வியாதியில் கர்த்தரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடிய ஆசா ராஜாவை எடுத்துக்காட்டுவார்கள் (2 நாளாகமம் 16:12). அந்த வசனம் குறை சொல்வது, அவன் கர்த்தரைத் தேடாமல் போனதை. எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் 15 வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுத்த அதே அதிகாரத்தில், அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையை வைக்கச் சொல்கிறான் ஏசாயா (2 இராஜாக்கள் 20). பவுலின் உடன்பயணி லூக்கா ஒரு வைத்தியன். நம் ஊரிலும் சுவிசேஷமும் மருத்துவமும் சேர்ந்தே வளர்ந்தன. 1834-ல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன் பள்ளிகளோடு மருத்துவப் பணியையும் வளர்த்தது; கீழவெளி வீதியில் மிஷன் மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

உபவாச ஜெபத்தைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்யும் கெடுதல் இங்கேதான் அதிகம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு உள்ளே போகும் என்ற கணக்கில் கொடுக்கப்படுபவை. காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு மாலை வரை பட்டினி கிடந்தால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், நெஞ்சு படபடக்கும், பேச்சு தடுமாறும். கூட்டத்தில் இதை ஆவியானவரின் அசைவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் சத்தமாக ஜெபிப்பதும் உண்டு. அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிஷம் கழித்து குளுக்கோமீட்டரில் பாருங்கள். இன்னும் 70-க்குக் கீழே இருந்தால் மறுபடி கொடுங்கள். ஏறிய பிறகு சாப்பாடு கொடுத்து, கொஞ்ச நேரம் பக்கத்தில் ஒருவர் இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

மாத்திரையையும் விட்டுவிட்டு உபவாசம் இருக்கலாமே என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். சர்க்கரை நோயாளி, கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், ஆபரேஷன் முடிந்து தேறி வருகிறவர், இவர்களை உபவாசத்துக்கு அழைக்கவே வேண்டாம். அவர்களுக்காக மற்றவர்கள் இருக்கலாம். அவர்களுக்கும் ஆசை இருந்தால் கறி, டீ, டிவி, செல்போன் இவற்றில் ஒன்றைத் தள்ளி வைக்கட்டும். சித்திரை வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் தகரக் கொட்டகைக்குள் நாள் முழுக்க உட்காருவது திடகாத்திரமானவரையே சாய்த்துவிடும்.

எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி யாக்கோபு எழுதியிருக்கிறார் (5:14). நெற்றியில் ஒரு துளி போதும். சர்க்கரைப் புண், தையல் போட்ட இடம், கண், காது ஆகியவற்றில் ஜெப எண்ணெய் படவே கூடாது. குடிக்கக் கொடுக்கவும் கூடாது. ஆக்ஸிஜன் வைத்திருப்பவர் பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஆக்ஸிஜன் கருவியில் எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் தீப்பிடிக்கலாம். அதே வசனம், நோயாளிதான் மூப்பரை வரவழைக்க வேண்டும் என்று சொல்வதையும் கவனியுங்கள். கேட்காத கட்டிலுக்குப் போய்க் கைவைப்பது அத்துமீறல். பெரியாஸ்பத்திரி வார்டில் நாற்பது கட்டில் இருந்தாலும் நீங்கள் பார்க்க வந்தது ஒருவரை. டூட்டி சிஸ்டரிடம் சொல்லிவிட்டு, கையைக் கழுவி, இருவருக்கு மேல் சேராமல், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில் இரண்டு மூன்று நிமிஷம் ஜெபித்தால் நிறைவு. பெண் நோயாளி என்றால் சபையின் சகோதரி ஒருவர் கூட வரட்டும். தலையைப் பிடித்து அழுத்துவதும் பின்னால் தள்ளுவதும் அறவே வேண்டாம். வயதானவர் விழுந்தால் இடுப்பெலும்பு முறியும்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் தவறு வேறு விதம். நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் என்றாலே கடைசி நேரம் என்ற பயத்தில், நினைவு போன பிறகுதான் பங்குச் சாமியாரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதைத் தெளிவாக்கிவிட்டது: மரணத் தறுவாய்க்கு மட்டுமான அருட்சாதனம் அல்ல இது. கடும் நோயின்போதும், பெரிய ஆபரேஷனுக்கு முன்பும், முதுமையில் தளர்ந்தவர்களும் பெறலாம். நோய் முற்றினால் திரும்பவும் பெறலாம். நோயாளி தானும் சேர்ந்து ஜெபிக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே சொல்லி அனுப்புங்கள்.

"இத்தனை பேர் ஜெபித்தும் சுகமாகலைன்னா, எங்கேயோ ஒரு பாவம் தடையா இருக்குக்கா." கீமோ போட்டு முடி கொட்டிப்போன ஒரு தாயிடம் இதைச் சொல்லிவிட்டுப் போவது கொடுமை, வேதத்துக்கும் விரோதம். பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9). பவுல் மூன்று தரம் வேண்டியும், அவர் மாம்சத்தில் முள்ளாய்க் குத்திய வேதனை நீங்கவில்லை. தன் உடன்பயணி துரோப்பீமுவை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவந்ததாக அவரே எழுதுகிறார். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக இறக்கியபோது இயேசு கண்டது, சுமந்து வந்தவர்களின் விசுவாசத்தை (மாற்கு 2:5). படுத்திருப்பவர் தலையில் அந்தப் பாரத்தையும் ஏற்றாமல் நாம் சுமப்போம்.

வலிப்பையும் மனநோயையும் பிசாசு என்று முடிவுகட்டி அடிப்பது, கட்டிப் போடுவது, தூங்கவிடாமல் ஜெபிப்பது எல்லாம் நோயை முற்ற வைக்கும். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஜெபிக்கிறவரே கூட்டிக்கொண்டு போனால் குடும்பத்தின் கூச்சம் பாதி குறையும்.

சுகத்துக்குக் காணிக்கை பேசுகிறவரைவிட்டு விலகுங்கள். இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள் என்பது மத்தேயு 10:8. வாட்ஸ்அப் ஜெபக்குழுவில் பேரும் நோயும் ஸ்கேன் படமும் போடுவதற்கு முன்பு, சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். "நம் சபைச் சகோதரி ஒருவருக்காக" என்றாலே ஆண்டவருக்குத் தெரியும்.

கடைசியாக, அவசர நேரம். நெஞ்சை அழுத்தும் வலி, வாய் கோணுவது, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போவது, பாம்புக்கடி, இவற்றுக்கு முதல் போன் 108-க்கு. பாஸ்டருக்கு அடுத்தது. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்; உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மதுரை வந்து சேரவே அதில் ஒரு பங்கு போய்விடும். நாய் கடித்தால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போடுங்கள், தவணை தவறாமல் முடியுங்கள். வெறிநோய்க்கான அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. பாஸ்டர் வரட்டும் என்று வாசலில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள். அவர் ஆஸ்பத்திரிக்கே நேராக வரலாம். வழியில் கூடப் போகிறவர்களே ஜெபிக்கலாம்.