குடித்த மறுநாளின் தலைபாரத்துக்குக் கொள்ளு ரசம்

சிறுநீர்ப் பெருக்கைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்னும் சுரப்பை மது அடக்கிவிடுவதால், உடல் நீரை இழந்து, மறுநாள் காலை நாவறட்சியும் தலைபாரமும் சேர்ந்து வருகின்றன. எனவே எழுந்தவுடன் காப்பியைத் தேடாமல், பொள்ளாச்சி இளநீரையோ உப்பிட்ட நீர்மோரையோ சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும்.

குமட்டல் அடங்கியதும் ரசம் வைக்கலாம். கொங்கு வீடுகளில் கொள்ளுப் பருப்பு கடையும் நாளில் வடித்தெடுக்கும் அந்தச் செந்நிற நீரே இதற்கு அடிப்படை. அதில் சிறிது புளியைக் கரைத்து, மிளகு, சீரகம், பூண்டு ஆகியவற்றை அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கிச் சேர்த்து, நுரை கூடி மேலெழும்பியதும் இறக்கி, கொத்தமல்லித் தழை தூவி, டம்ளரில் ஊற்றிச் சூடு பொறுக்க அருந்த வேண்டும். கொரியர்கள் இதே காலைக்காக, சோயா பயறு முளைகள் போட்டும் சமைக்கப்படும் ஹேஜாங்குக் என்னும் சூப்பை வைத்திருக்கிறார்கள். போலந்தில் வெள்ளரி ஊறுகாயின் உப்புநீர், ஜப்பானில் உமேபோஷி என்னும் உப்பில் ஊறிய புளிப்புப் பழம். இத்தனை தொலைவிலும் உப்பும் புளிப்பும் மாறவில்லை என்பது எனக்குப் பெருவியப்பு.

இவை ஆறுதல் தருமே தவிர, போதையை விரைந்து இறக்கிவிடாது. காலையில் இன்னொரு மடக்கு குடித்தால் தெளியும் என்பதை மட்டும் தயவுசெய்து நம்பாதீர்கள். பாராசிட்டமாலும் வேண்டாம், கல்லீரல் ஏற்கெனவே களைத்திருக்கிறது. வாந்தி நிற்காவிட்டாலோ, தட்டி எழுப்பியும் ஆள் எழாவிட்டாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.