ஆயில் குடிக்கும் கார்: இன்ஜினை இறக்குவதற்கு முன்னால் செய்யும் தவறுகள்

"ரிங் போச்சு அண்ணாச்சி, இன்ஜினை இறக்கணும்." பாளையங்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் என் பழைய பெட்ரோல் காரைப் பார்த்து இப்படித்தான் சொன்னார்கள். ரிங் என்றால், பிஸ்டனைச் சுற்றி இருந்து ஆயில் மேலே ஏறி எரியாமல் தடுக்கும் வளையம். இறக்குவது என்றால் இன்ஜினை வெளியே எடுத்துப் பிரித்து வேலை பார்ப்பது. சைலன்சரில் லேசாக நீலப் புகை, ஆயில் குறைகிறது, வண்டி ஒன்றேகால் லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அவர்களிடம் இருந்த சாட்சி அவ்வளவுதான். பணம் புரட்ட இரண்டு வாரம் ஆகும் என்பதால் வேலையைத் தள்ளிப்போட்டேன். அந்த இரண்டு வாரத்தில்தான் நான் செய்துகொண்டிருந்த தவறுகள் தெரியவந்தன.

முதல் தவறு, அளக்காமல் பேசுவது. "ரொம்ப குடிக்குது" என்றால் எவ்வளவு? எந்த இன்ஜினும் கொஞ்சம் ஆயிலை எரிக்கத்தான் செய்யும். 1000 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் வரை போகலாம் என்று சில கம்பெனிகள் கையேட்டிலேயே போட்டிருக்கின்றன. அது அவர்கள் தங்களைக் காத்துக்கொள்ளப் போட்ட கணக்கு. நல்ல இன்ஜின் அதில் கால்வாசிகூடக் குடிக்காது. டிப்ஸ்டிக்கில், அதாவது ஆயில் மட்டம் பார்க்கும் கம்பியில், மேல் கோடு வரை நிரப்பி, மீட்டரைக் குறித்துவைத்து, 1000 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். நெல்லையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆறு தடவை போய்வந்தால் ஏறக்குறைய அந்தத் தூரம் வந்துவிடும். பெரும்பாலான கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் நடுவே சுமார் 1 லிட்டர் இருக்கும்.

அளப்பதிலும் ஒரு வினை உண்டு. பெட்ரோல் பங்கில் இன்ஜினை நிறுத்திய கையோடு டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறோம். மேலே ஏறிய ஆயில் அடியில் உள்ள சம்ப் தொட்டிக்கு இறங்கியிருக்காது, அதனால் குறைவாகக் காட்டும். உடனே அரை லிட்டர் ஊற்றுகிறோம். அளவு மேல் கோட்டைத் தாண்டினால் அடியில் சுழலும் கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரைத்த ஆயில், வாயு வெளியேறும் பிரீதர் குழாய் வழியாக உள்ளே போய் எரியும். அப்புறம் பார்த்தால் மறுபடி குறைந்திருக்கும், மறுபடி ஊற்றுவோம். பல வண்டிகளில் பாதி நோய் இப்படி நாமே உண்டாக்கியது. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் பொறுத்து, துடைத்து, மறுபடி விட்டுப் பார்ப்பதுதான் சரி.

ஒழுகுகிறதா, எரிகிறதா என்று பிரிக்காமல் இருப்பது அடுத்தது. ராத்திரி வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்துவைத்தால் பாதி தெரிந்துவிடும். மீதிப் பாதி தரைக்கே வராது. இன்ஜினின் மேல் மூடியான டேப்பட் கவரின் பேக்கிங்கில் கசிவது சூடான எக்ஸாஸ்ட்டில் சொட்டி அங்கேயே தீய்ந்துவிடும், வாடை மட்டும் வரும். இன்ஜினைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தால்தான் புதுக் கசிவு கண்ணில் படும்.

எரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். புகை வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது, எப்போது வருகிறது என்று பார்க்க வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு குப்பென்று நீலமாக வந்து நின்றுவிட்டால் கோளாறு வால்வு சீலில், அதாவது வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பரில். ராத்திரி முழுக்கச் சொட்டிய ஆயில் அது. காரையாறிலிருந்து பாபநாசத்துக்கு கியரிலேயே இறங்கி வாருங்கள், பின்னால் ஒருவரைப் பைக்கில் வரச் சொல்லுங்கள். ஆக்சிலேட்டரில் காலை எடுத்து இறங்கும்போது இன்ஜின் உள்ளே இழுக்கும் இழுப்பு பலமாக இருக்கும், வால்வு தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடு தேய்ந்திருந்தால் அதன் வழியாக ஆயிலும் சேர்ந்து போகும். அடியில் வந்து மறுபடி மிதித்ததும் நீலம் தெரியும். அதே மலையில் ஏறும்போது, பாரம் இழுக்கும்போது விடாமல் புகைந்தால்தான் ரிங் மீது சந்தேகம். வெள்ளைப் புகையோடு கூலன்டும் குறைந்தால் அது ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் உள்ள பேக்கிங்) வழக்கு, இங்கே சேர்க்காதீர்கள்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் எவ்வளவு அழுத்தம் வருகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்காமல் இன்ஜினை இறக்கச் சம்மதிக்காதீர்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுக்க வேண்டும். கூடினால் ரிங், கூடாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட். ஆனால் கம்ப்ரஷன் நன்றாக இருப்பதால் ரிங்கும் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. ஆயிலை வழிக்கும் அடி ரிங் கரி பிடித்து ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் சரியாகவே காட்டும், ஆயில் மட்டும் போகும். ஆயில் மாற்றுவதை மாசக்கணக்கில் இழுத்தடித்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

5டபிள்யூ-30 என்ற இலேசான ஆயிலைக் கேட்கும் இன்ஜினில், குடிப்பது குறையட்டும் என்று கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுவது மருத்துவம் ஆகாது. வண்டியை விற்கப்போகிறவர் செய்யும் வேலை அது.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று, ஏர் ஃபில்டர். திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலும் ஆடிக் காற்றும் சேர்ந்தால் ஊருக்குள்ளேயே செம்புழுதிதான். காகித ஃபில்டரில் காற்றடித்து அடித்து அதைக் கிழித்துவிட்டு, "சுத்தம் பண்ணியாச்சு" என்கிறோம். உள்ளே போகும் மணல் ரிங்கையும் சிலிண்டரையும் அரம் போலத் தேய்க்கும்.

பிஎஸ்6 டீசல் வைத்திருப்பவர்கள் ஆயில் குறையவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். நெல்லை டவுனுக்கும் வண்ணார்பேட்டைக்கும் என்று குறுந்தூரம் மட்டுமே ஓடும் வண்டியில், புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் கொஞ்சம் ஆயிலோடு கலந்து மட்டத்தை உயர்த்தும். மட்டம் ஏறினாலும் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியதுதான். சிவப்பு ஆயில் விளக்கையும் மட்டம் காட்டும் விளக்கு என்று நினைக்காதீர்கள், அது பிரஷர் விளக்கு. எரிந்தால் நாங்குநேரி வரை போய்விடலாம் என்று ஓட்டாமல், நின்ற இடத்திலேயே இன்ஜினை அணைக்க வேண்டும்.

சரி, என் காருக்கு வருகிறேன். அடைத்துக் கிடந்தது பிசிவி வால்வு. இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியே எடுக்கும் சின்ன வால்வு அது. அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, சந்துபொந்து வழியாகவெல்லாம் ஆயிலைத் தள்ளும். மாற்றிய செலவு, இன்ஜின் வேலைக்குச் சொன்ன தொகையின் பக்கத்தில்கூட வராது. 1000 கிலோமீட்டருக்கு முக்கால் லிட்டர் குடித்த வண்டி இப்போது கால் லிட்டருக்கு வந்திருக்கிறது. மலை இறங்கும்போது லேசாக நீலம் தெரிகிறது, வால்வு சீலாக இருக்கும். வேறு வேலைக்காக ஹெட்டைக் கழற்றும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.